கதவுப் பெட்டிமேல் ஒரு கண்ணாடி

பஸ் கதவு ரிப்பேர்க்காரனை நல்ல நேரத்தில் யாரும் கூப்பிடுவதில்லை. அடைத்துக்கொண்ட கதவுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நின்று என்றைக்காவது நீங்களும் வியர்த்திருப்பீர்கள். என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். ஒரே ஒரு வண்டியில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

திருகு கூடாது

பரமத்தி வேலூர்ப் பக்கம் வாழை விவசாயம் செய்கிற குமாரசாமி, பழைய பள்ளிக்கூட பஸ் ஒன்றை வாங்கிக் கல்யாணப்பெண் அலங்கார வண்டியாக மாற்றினார். உள்ளே ஏ.சி., சோபா. ஜன்னல்களையும் டிரைவர் பக்கத்தையும் பலகையால் அடைத்து, பின்பக்க அவசர வழியை மறைத்துப் புடவை அலமாரி. காற்றழுத்தத்தில் ஓடும் இழுப்புக் கதவைப் பொருத்தியது, நாமக்கல்லில் பட்டறை வைத்திருக்கும் நான்.

கதவை இழுக்கும் கம்பியும் அதைப் பிடித்திருக்கும் பின் ஆணியும் கதவை ஒட்டி, உட்புறம் ஒரு பெட்டிக்குள் இருக்கும். அந்தப் பெட்டிமேல்தான், அதற்கு மூடியாகவே, முகம் பார்க்கும் கண்ணாடி வேண்டும் என்றார். பசையால் ஒட்டினால் பெட்டியைத் திறக்கவே முடியாது, திருகு போடுகிறேன் என்றேன். கடைசியில் பசைதான் போட்டேன். காரணம் அவர் கேட்ட கேள்வி: "ஏனுங்க, வாரவங்க மூஞ்சியப் பாப்பாங்களா, உங்க திருகப் பாப்பாங்களா?"

சந்தனம்

ஒரு வைகாசி அமாவாசை பூஜைக்கு மறுநாள் கதவு பாதியில் நின்றது. குமாரசாமியின் மனைவி வண்டி முழுக்கச் சந்தனம் பூசியிருந்தார். கதவு ஓடும் தடத்தையும் விடவில்லை. காய்ந்து கல்லாகியிருந்ததைச் சுரண்டி எடுத்தேன். கதவு ஓடியது. ஆனால் பெட்டிக்குள் ‘டக் டக்’ என்று ஒரு சத்தம். பின் ஆணி தளர்ந்திருக்கிறது என்று காதுக்கே தெரிந்தது. பார்க்க வேண்டுமானால் கண்ணாடியை உடைக்க வேண்டும்; இரண்டே நாளில் வண்டிக்கு ஒரு கல்யாணம். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது. அந்தம்மாவுக்கோ வேறு கவலை: "சாமிக்கு வெச்ச சந்தனத்தச் சுரண்டறீங்களே, கை கூசலீங்களா?"

முகூர்த்தம்

அந்தக் கல்யாணத்தன்று காலை ஏழு மணிக்கு டிரைவர் போனில் கூப்பிட்டார், கதவு திறக்கவில்லை என்று. முகூர்த்தம் ஏழரை வரை. மண்டபம் பட்டறைக்குப் பக்கம்தான்; ஓடினேன். வண்டிக்குள் மணப்பெண்ணும் அவள் அத்தையும். ஏ.சி. நின்றுவிட்டது. அத்தைக்கு வீசிங், உறிஞ்சுகிற மருந்து மண்டப அறையில் கிடந்தது.

காற்றுப் போனால் கதவைக் கையாலேயே இழுக்கலாம் என்று காற்றுத் தொட்டியைத் திறந்துவிட்டேன். காற்றெல்லாம் போயும் கதவு அசையவில்லை. பின் ஆணி விழுந்து, கம்பி குறுக்கே சிக்கியிருக்கிறது. உள்ளிருந்து ஒருவர் அதைத் தூக்கிப் பிடித்தால்தான் நான் வெளியிலிருந்து இழுக்க முடியும். "அம்மணி, கதவுப்பக்கத்துக் கண்ணாடிய ஒடைச்சு, உள்ள இருக்கற கம்பியத் தூக்கிப் புடிக்கோணும்!" என்று கத்தினேன்.

பெண்ணின் அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார். "தாலி கட்டற நேரத்துல கண்ணாடி ஒடையறதுங்களா? வேண்டாஞ் சாமி, வேற வழி பாருங்க." வேறு வழி என்றால் கதவை அறுக்க வேண்டும், அதற்கு ஆள் வர அரை மணி ஆகும். உள்ளே இருமல் நின்று, இழுப்பு மட்டும் கேட்டது. நான் பார்க்காமல் விட்ட ஆணி அது.

உள்ளிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது. "அப்பா, அத்தைக்கு ஒதடு நீலமாகுதுங்க. நான் ஒடைக்கறேன்." இஸ்திரிப் பெட்டியால் மூன்று அடி. கண்ணாடி கொட்டும் சத்தத்தில் அவள் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். "கம்பி கெடைச்சிருச்சுங்ணா!" இழுத்தேன். கதவு வந்தது.

அத்தையைத் தூக்கிப்போய் மருந்து கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. ஏழு இருபத்தேழுக்குத் தாலி ஏறியது. மனசு கேட்காமல் மேடையேறி, பின் ஆணி தளர்ந்தது எனக்கு முன்பே தெரியும், திருகு போடாமல் அழகுக்காகக் கண்ணாடியை ஒட்டியதும் நான்தான் என்று பெண்ணிடம் சொன்னேன். விரலில் கட்டோடு கும்பிட்டபடி அவள் சொன்னாள்: "அழகுக்கு நாங்க இருக்கறோமுங்ணா, நீங்க திருகப் போடுங்க."

இப்போது என் பட்டறையைவிட்டுப் போகும் எல்லா வண்டியிலும் கதவுப் பெட்டிமேல் நாலு திருகு பளிச்சென்று தெரியும். அசிங்கமாக இருக்கிறது என்கிறவர்களை உள்ளே உட்காரவைத்துக் கதவை ஒரு தரம் சாத்திக் காட்டுகிறேன்.