ஒரு கிணற்றுக்கு ஒரு வாளி

கொழும்புத்துறையில் ஷெல் விழத் தொடங்கியபின் நாங்கள் கடற்கரையை விட்டு மருதனார்மடத்துக்குப் போனோம். ஒரு பெரிய வீட்டின் பின்வளவுக் கொட்டில் கிடைத்தது. வீட்டுக்கார அம்மாவுக்கு நாங்கள் மீன்பிடிக்கிற சனம் என்று தெரியும். எங்கள் வாளி அவருடைய கிணற்றில் இறங்கும்போதெல்லாம் குசினி வாசலில் நின்று பார்ப்பார். வாய் திறக்கமாட்டார். போராளிகள் தண்டிப்பார்கள் என்று சாதி பார்ப்பதை வெளியில் சொல்லப் பயந்த காலம் அது.

அந்த நேரம் பார்த்துச் சுகாதாரப் பகுதியிலிருந்து குடும்பநல மாது ஒருவர் வந்தார். மிஸி என்று கூப்பிடுவோம். முற்றத்தில் எல்லாரையும் இருத்தி வகுப்பெடுத்தார். சாப்பாட்டை மூடிவை, கையைக் கழுவு, தண்ணீரைக் கொதிக்கவை. கிணற்றுக்கு ஒரே வாளிதான், கண்ட வாளியையும் இறக்கினால் வயிற்றோட்டம் வரும் என்றார். பிழையான பாடமில்லை. நானும் தலையாட்டினேன்.

மறுநாள் காலை வீட்டுக்கார அம்மா என்னை மறித்தார்.

"மிஸி சொன்னது கேட்டனிதானே? இனி உங்கடை வாளியைப் போடாதை பிள்ளை. கிருமி வந்திடும்."

"அப்ப உங்கடை வாளியாலை அள்ளட்டே அம்மா?"

"சீ, அதிலை எல்லாற்றை கையும் படக்கூடாது. நான் அள்ளி ஊத்திறன்."

என்ன வசதியான சொல், கிருமி! குளித்து, சாமி கும்பிட்டு, சாப்பிட்டு, படுத்தெழும்பி, பிறகு மனம் வந்தால் ஒரு குடம் ஊற்றுவார். ஐந்து பேருக்கு அது எந்த மூலைக்கு? மிச்சத்துக்கு மாடு குளிப்பாட்டும் குளத்துக்குப் போனேன். கொதிக்கவைக்க மண்ணெண்ணெய் இல்லை, விறகு மழையில் ஊறிக் கிடந்தது. துணியால் வடித்துக் கொடுத்தேன்.

என் கடைசி மகளுக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. உப்பும் சீனியும் கரைத்துக் கொடுக்க நல்ல தண்ணீர் கேட்டுக் கதவைத் தட்டினேன். "அம்மா படுத்திருக்கிறா" என்று உள்ளிருந்து பதில் வந்தது. குளத்துத் தண்ணீரிலேயே கரைத்துக் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் தாதி என்னைத்தான் ஏசினார். "உங்களுக்கு எத்தினை தரம் சொல்லித்தாறது?" பிள்ளை அன்றே செத்துப்போனாள்.

அடக்கம் முடிந்து திரும்பி வந்தோம். வீட்டுக்கார அம்மா பிடித்த இரண்டு பேர் கிணற்றடியில் நின்று தண்ணீரை முழுக்க இறைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பிள்ளைக்கு வந்த வருத்தத்தின் கிருமி கிணற்றிலும் ஒட்டியிருக்குமாம். வாய்க்கால் நிறைந்து தண்ணீர் வாழைகளுக்கு ஓடியது. நாளுக்கு நாலு குடம் அதில் தந்திருந்தால் என் பிள்ளை இருந்திருப்பாள். அந்த மனுசியை நான் இன்னும் மன்னிக்கவில்லை.