உடல்நிலை காரணமாக

அலுவலகத்தில் அவரைச் சல்லடை என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தவர் பல்கலைக்கழகக் கணக்குப் பிரிவில் இருந்த ஒரு பெண்மணி. இவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "உங்க சங்கம் எதைப் பத்தினதுங்க?" என்று அந்தம்மா கேட்டார். "தண்ணி, எண்ணெய், காத்து இதெல்லாம் உள்ள புகுந்து போற பொருளைப் பத்தினதுங்க. மண்ணு, பாறை, செங்கல், எலும்பு, ஏன், நீங்க சாப்பிடற ரொட்டிகூட" என்று இவர் மூச்சுவிடாமல் ஒப்பித்தார். "சுருக்கமா சல்லடைன்னு சொல்லிட்டுப் போங்களேன்" என்றார் அந்தம்மா. பெயர் ஒட்டிக்கொண்டது.

நுண்துளைப் பொருட்களை ஆராய்கிறவர்களுக்காக உலகளவில் இயங்கும் சங்கம் அது. பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடியில், லிஃப்ட் ஏறி இறங்கும் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும் இரண்டு அறைகள்தான் அதன் அலுவலகம். மாதாமாதம் உறுப்பினர்களுக்குப் போகும் செய்திமடலைத் தயாரிப்பது சல்லடையின் வேலை. யாருக்கு விருது, எங்கே வேலை காலி, அடுத்த மாநாடு எந்த நகரத்தில், யார் யார் பேசுகிறார்கள், எல்லாம் அவர் கை வழியாகத்தான் போக வேண்டும். அவர் விஞ்ஞானி இல்லை, வணிகவியல் படித்தவர். பாறைக்குள் எண்ணெய் எப்படி நகர்கிறது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார். ஆனால் அவர் போட்ட தகவல் தப்பானதில்லை. எங்கெங்கோ இருப்பவர்கள் அவர் மடலைப் பார்த்துவிட்டு, வேறு யாரையும் கேட்காமல் விமான டிக்கெட் எடுத்தார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அத்தான். அக்காவின் கணவர். அதே பல்கலைக்கழகத்தில் மண் ஆராய்ச்சிக்கூடம் வைத்திருந்த பேராசிரியர். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது சல்லடை பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். புதிதாகக் கல்யாணமான அக்கா வீட்டின் முன்னறையில் அவருக்கு ஒரு கட்டில் போட்டவரும் அத்தான்தான். கல்லூரியில் சேர்த்தது, ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்தது, பெண் பார்க்கப் போனபோது சல்லடைக்கு வாய் குழற, அவருக்குப் பதிலாக எல்லாவற்றையும் தானே பேசி முடித்தது என்று அத்தான் செய்ததைச் சொல்லப்போனால் அது பாட்டுக்கு நீளும். அதை ஒருநாளும் அவர் சொல்லிக்காட்டியதில்லை. அதுதான் பாரமாக இருந்தது.

அந்த ஆண்டு மாநாட்டின் முதல் உரையை அத்தான்தான் நிகழ்த்துவதாக இருந்தது. குப்பைக் கிடங்குகளின் அடியில் ஒரு வகைக் களிமண்ணை இறுக்கிப் பரப்பினால், கழிவுநீர் நிலத்தடிக்கு இறங்காது என்பது அவருடைய பல வருட ஆராய்ச்சி. ஒரு நகராட்சி அதை நம்பிக் கிடங்கு கட்டக் கிளம்பியிருந்தது. உரை பற்றிய அறிவிப்பைச் சல்லடையே பெரிய எழுத்தில் போட்டிருந்தார்.

மாநாட்டுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது சங்கத் தலைவி தொலைபேசியில் அழைத்தார். அவர் வேறொரு நாட்டில் இருப்பவர். நிதானமாகப் பேசுவார். அன்று இன்னும் நிதானமாகப் பேசினார். வெளிநாட்டு ஆராய்ச்சிக்கூடங்கள் இரண்டு அதே களிமண்ணை அதே முறையில் சோதித்துப் பார்த்தனவாம். ஒழுகியதாம். அத்தானிடம் எல்லா அளவீடுகளையும் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, அவர் களிமண் அடைத்துப் பார்த்த சோதனைக் குழாய்களிலேயே பல ஒழுகியிருந்தது தெரிந்ததாம். அவற்றை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை.

"குழாய்ச் சுவர் ஓரமா கசிஞ்சது, மண்ணுக்குள்ள புகுந்து வரலன்னு சொல்றார். இருக்கலாம். ஆனா கட்டுரையில அதை எழுதியிருக்கணும் இல்லையா? மாநாட்டுக் குழு கூடி முடிவு பண்ணிட்டோம். உரையை எடுத்துடறோம். 'முடிவுகளை உறுதிசெய்ய இயலாததால்'னு ஒரு வரி போட்டா போதும்."

சல்லடை அந்த வரியைக் குறித்துக்கொண்டார்.

"அவர் உங்களுக்கு நெருங்கின உறவுன்னு தெரியும். இந்த ஒரு தடவை வேற யாரையாவது போடச் சொல்லட்டுமா?"

"வேண்டாம் மேடம். நானே போட்டுடறேன்" என்றார் சல்லடை. வேறொருவர் கையால் அந்த வரி போவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனார். அத்தான் பின்னறையில் மின்விசிறியைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்பே தகவல் வந்துவிட்டது என்று முகமே சொன்னது. அக்கா டீயை வைத்துவிட்டு, "என்னடா ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்றாள்.

"மாநாட்டு விஷயம். நீ போ" என்றார் அத்தான்.

அவள் போனதும் கதவை ஒருக்களித்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மாப்ளே, உன்கிட்ட நான் இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல."

"சொல்லுங்க அத்தான்."

"உடல்நிலை காரணமாகன்னு போடு. அவ்வளவுதான். உரை ரத்து. அதுல மாத்தம் இல்ல. காரணம் மட்டும் அப்படி இருக்கட்டும். குழுவுல இருக்கறவங்களுக்கு உண்மை தெரியும். மத்தவங்களுக்கு எதுக்கு?"

"தலைவி சொன்ன வரியை மாத்தினா..."

"ஒரு வரி மாப்ளே."

சல்லடை டீயைக் குடிக்காமலே கிளம்பினார். மறுநாள் காலை அந்த இரண்டு சொற்களை அடித்தார், அழித்தார், மறுபடி அடித்தார். பிறகு மடலை அனுப்பிவிட்டார்.

அவர் எதிர்பார்த்தது திட்டு. வந்தது அன்பு. மதியத்துக்குள் சங்கத்தின் மின்னஞ்சல் பெட்டி நிரம்பி வழிந்தது. விரைவில் குணமடைய வாழ்த்துகள், பேராசிரியரிடம் சொல்லுங்கள், எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர், எந்த மருத்துவமனை, ரத்தம் வேண்டுமா. மாநாடு மாநாடாக அத்தானோடு சண்டை பிடித்த ஒருவர்கூட உருகி உருகி ஒரு பக்கம் எழுதியிருந்தார்.

இவர்கள் இருவரும் மறந்துபோனது அக்காவை. அயல்நாட்டு நண்பர் ஒருவரின் மனைவி அவளையே தொலைபேசியில் அழைத்து, இதயமா, சிறுநீரகமா என்று விசாரித்துவிட்டார். அக்கா உடனே தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய், அவருக்கு என்னடா?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஊர் உலகத்துக்கே தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல. அன்னைக்குக் கதவைச் சாத்திட்டு இதைத்தான் பேசினீங்களா?"

"சத்தியமா ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாமயா உன் குரல் இப்படி இருக்கு?" என்று வைத்துவிட்டாள்.

அவள் அத்தானிடம் நேரடியாகக் கேட்டாள். அவரும் ஒன்றுமில்லை என்றார். அதனாலேயே அவளுக்குப் பெரிதாக ஏதோ இருப்பது உறுதியாகிவிட்டது. மேசை இழுப்பறைகளில் மருத்துவ அறிக்கை தேடினாள். அவர் சாப்பாட்டில் உப்பைக் குறைத்தாள். மாடிப்படி ஏறினால் பின்னாலேயே போனாள். அத்தான் உண்மையிலேயே சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. அவமானத்தில் மெலிந்தவரை அவள் நோயில் மெலிந்தவராகப் பார்த்தாள். சல்லடை அந்தப் பக்கம் போகவே அஞ்சினார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை போக வேண்டியதாயிற்று. அத்தானின் பழைய மாணவர் ஒருவர், இப்போது தூரத்து நகரம் ஒன்றில் சொந்தமாக ஆராய்ச்சிக்கூடம் நடத்துகிறவர், ரயில் மாறி ரயில் ஏறி வந்துகொண்டிருந்தார். நிலையத்திலிருந்து அவரை அழைத்துவரும் பொறுப்பு சல்லடையின் தலையில் விழுந்தது. கையில் ஒரு பை ஆப்பிளோடு இறங்கிய மாணவர் வழியெல்லாம், "நடமாட்டம் இருக்கா சார்? பேசறாரா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். சல்லடை ஸ்டியரிங்கைப் பார்த்தபடி உம் கொட்டினார்.

கதவைத் திறந்த அக்காவின் கண்கள் சிவந்திருந்தன. அதைப் பார்த்ததும் மாணவரின் உதடு துடித்தது. "அம்மா, நான் முன்னாடியே வந்திருக்கணும்" என்றார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாசலிலேயே இரண்டு பேரும் அழ ஆரம்பித்தார்கள்.

சத்தம் கேட்டு அத்தான் உள்ளேயிருந்து வந்தார். கொஞ்ச நேரம் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு ஒரு நோயும் இல்லப்பா. கல்லு மாதிரி இருக்கேன்" என்றார். "என் ஆராய்ச்சிதான் படுத்துடுச்சு. ஒழுகின குழாயை எல்லாம் கணக்குல சேக்காம விட்டுட்டேன். கண்டுபிடிச்சுட்டாங்க. வெளிய சொல்ல வெக்கமா இருந்தது. இவனை மாத்திப் போடச் சொன்னேன்."

மாணவர் பையைக் கீழே வைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆராய்ச்சிக்கூடத்தில் கேட்பதுபோலவே கேட்டார்.

"ஓரக்கசிவுதான்னு எப்படி சார் முடிவு பண்ணீங்க? தண்ணியில சாயம் கலந்து விட்டுப் பாத்தீங்களா?"

"பாக்கல."

"ஏன் சார்?"

"பாத்தா மண்ணுக்குள்ளயே வந்துருக்குன்னு தெரிஞ்சுடுமோன்னு பயம்" என்றார் அத்தான்.

மாணவர் தலையாட்டினார். கோபப்படவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த ரயிலுக்கே கிளம்புவதாகச் சொன்னார்.

அவரை நிலையத்தில் விட்டுவிட்டுச் சல்லடை திரும்பியபோது, அக்கா ஆப்பிள்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அழுகை நின்றிருந்தது.

"ராத்திரியெல்லாம் அவர் மூச்சு வருதா வருதான்னு பாத்துட்டுப் படுத்திருந்தேன்டா" என்றாள். "அவர்தான் கேட்டார், சரி. உனக்கு வாயில்லையா?"

"அத்தான் கேட்டு எப்படிக்கா மாட்டேன்னு சொல்றது?"

"மாட்டேன்னு சொல்லியிருந்தா ஒரு நாள் கோவிச்சிருப்பார். இப்ப உங்க ரெண்டு பேரையும் நான் எப்படி நம்பறது, சொல்லு."

சல்லடை கழுவிய ஆப்பிள்களை எடுத்துத் துடைத்து அடுக்க ஆரம்பித்தார்.

மறுநாள் காலை தலைவியை அழைத்து, காரணத்தைத் தான் மாற்றிப் போட்டதைச் சொன்னார். தலைவி மடலை அது வந்த அன்றே பார்த்திருந்தார். "நீங்களா வருவீங்கன்னுதான் காத்திருந்தேன்" என்றார். அவர் கத்தியிருந்தால் தேவலை என்று சல்லடைக்குத் தோன்றியது. உண்மைக் காரணத்தோடு திருத்தம் வெளிவந்தது. முந்தைய செய்தி பிழையானது, பிழை செய்திப் பொறுப்பாளருடையது என்ற வாக்கியத்தை அவரே எழுதினார். அத்தான் கேட்டுத்தான் அப்படிப் போட்டார் என்பது அதில் இல்லை. அதை அவர் சொல்லவில்லை, தலைவியும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு மின்னஞ்சல் பெட்டி அமைதியாக இருந்தது. குணமடைய வாழ்த்தியவர்களில் ஒருவர்கூட இப்போது எழுதவில்லை. நகராட்சி கிடங்கு வேலையை நிறுத்திவைத்தது. அத்தான் பணிக்காலம் முடியும் முன்பே ஓய்வு கேட்டு எழுதிக்கொடுத்தார். செய்திமடல் வேறொருவர் கைக்குப் போனது. சல்லடைக்கு மாநாட்டுக்கு வருகிறவர்களின் தங்கும் அறையையும் கழுத்தில் மாட்டும் பெயரட்டையையும் கவனிக்கும் வேலை கொடுத்தார்கள். கணக்குப் பிரிவு அம்மா இப்போதெல்லாம் அவரைக் கேலி செய்வதில்லை. 'சார்' என்கிறார். அது அவருக்கு நன்றாகவே உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அக்கா இருவருக்கும் பரிமாறினாள், அதிகம் பேசவில்லை. ஒருநாள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்த அத்தான், துண்டில் துடைத்துக்கொண்டே, யாரிடமோ கேட்பதுபோலக் கேட்டார்.

"அடுத்த வருஷ மாநாடு எங்க வைக்கறாங்களாம்?"

"தெரியல அத்தான்" என்றார் சல்லடை. "மடல் இன்னும் வரல. வந்தா பாத்துட்டுச் சொல்றேன்."

"ம்" என்றார் அத்தான். அக்கா தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.