பரணில் இருந்த முறம்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் கதவைத் தாழ்போட்டுவிட்டுப் படியுங்கள். இது நடந்தது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று கீழ்நாடே நடுங்கிக்கொண்டிருந்த வருஷம், கொல்லிமலையில், ஆலத்தூர் நாட்டுப் பக்கம் ஒரு வீட்டில். கண்ணாயி தன் வாயாலேயே சொன்னது. ஒன்றைப் பத்தாக்கிச் சொல்லுகிறவள் இல்லை அவள்.

கண்ணாயி சின்னராசுவுக்கு இரண்டாம் தாரம். மூத்தவள் பாப்பாத்தி பிரசவத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் புழங்கிய சாமான்களைத் தூக்கிப் போட மனசில்லாமல் சின்னராசு பரணில் ஏற்றி வைத்திருந்தான். இப்போது கண்ணாயியின் கைக்குழந்தைக்கு விடாத காய்ச்சல். பால் குடிக்கவில்லை, அழக்கூடத் தெம்பில்லை. மாமியார் பெருமாயி அன்று காலையில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"செத்தவ சாமானு ஊட்டுல இருந்தா புள்ளைக்கு ஆகாது கண்ணு. எல்லையில கொண்டுபோய்ப் போட்டுட்டு வா. ஒண்ணொண்ணையும் ஒடச்சுப் போடோணும். முழுசா விட்டீன்னா, இன்னும் என்னுதுதான்னு தேடி வந்துருவா."

சொல்லிவிட்டுச் சாமை அறுக்கப் போய்விட்டாள். சின்னராசுவும் காட்டில்தான் இருந்தான்.

கண்ணாயி பரணில் ஏறினாள். பாய், சோற்றுப்பானை, சுரைக்குடுவை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மூங்கில் முறம். குழந்தையைத் தூளியில் தூங்கவைத்துவிட்டு எல்லைக்கல்லுக்கு ஓடினாள். பாயைக் கிழித்தாள். பானையையும் குடுவையையும் கல்லில் மோதி உடைத்தாள். முறத்தை மட்டும் உடைக்கக் கை வரவில்லை. அத்தனை நெருக்கமான பின்னல். அறுப்புக் காலத்தில் நல்ல முறத்தை உடைக்க எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? யாருக்காவது உதவட்டும் என்று கல்லில் சாய்த்துவிட்டுத் திரும்பினாள்.

பட்டப்பகல்தான். ஆனால் மலையில் பனி இறங்கிவிட்டால் பகலாவது ஒன்றாவது... எதிரில் நிற்கிற ஆள் தெரியாது. வாசலை நெருங்கும்போது உள்ளே சத்தம் கேட்டது.

சள்... சள்... சள்...

யாரோ தானியம் புடைக்கிறார்கள். மாமியார் அதற்குள் வந்துவிட்டாளா?

"அத்தே?"

சத்தம் நின்றது.

உள்ளே யாரும் இல்லை. குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. சுவரோரம் அந்த முறம் சாய்ந்திருந்தது. அதன் விளிம்பெல்லாம் ஈரமான செம்மண்.

கண்ணாயி முறத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி, கொல்லைப்புறப் பள்ளத்தில் வீசினாள். பாறையில் பட்டுப் பட்டு அது கீழே உருளும் சத்தம் கேட்டது. அது அடங்கியதும்...

சள்... சள்...

வீட்டுக்குள்ளிருந்து.

ஓடினாள். தூளி காலி.

குழந்தை முறத்தில் கிடந்தது. முறம் தரையில் இல்லை. ஒரு சாண் உயரத்தில், மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பிடித்திருக்கும் கை தெரியவில்லை.

குழந்தை மேலே பார்த்துச் சிரித்தது.

"ஐயோ... என் புள்ளையக் குடுத்துரு!"

பாய்ந்து பிடுங்கினாள். முறம் கீழே விழுந்தது. காலால் மிதித்தாள். மளுக்... மளுக்...

அவள் காதோரம் யாரோ விம்மினார்கள்.

பொழுது சாய்வதற்குள் சின்னராசுவும் பெருமாயியும் வந்துவிட்டார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. பசித்துப் பால் குடித்துக்கொண்டிருந்தது. கண்ணாயி எல்லாவற்றையும் சொன்னாள். சின்னராசு மூங்கில் சிம்புகளை எடுத்துப் பார்த்தான்.

"பரண்ல நான் முறம் வெக்கலியே..."

"ஏனுங்க, அவிய முறந்தானுங்களே இது?"

"அவளுதுதான். வயித்துலயே செத்துப் பொறந்த புள்ளைய அதுல கெடத்தி, அவளுக்குப் பக்கத்துலயே வெச்சுப் பொதச்சேன். என் கையாலதான் மண்ணத் தள்ளுனேன்."

இருட்டுவதற்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். புதைத்த மேட்டில் மண் கலையவில்லை. மேலே முளைத்திருந்த புல்லில் ஒரு தாள்கூட மடங்கவில்லை.