காளை சொன்ன விண்ணப்பம்

பிரேசிலில், ரெசிஃபி நகரப் பேருந்தில் ஜுராந்திரா நடத்துநர். எங்கள் மேட்டுக் குடியிருப்பில் அவளிடம் திட்டு வாங்காதவர்கள் நடந்தே போகிறவர்கள்தான். கார்னிவல் திருவிழா வந்துவிட்டால் 'பிடிவாதக் காளை' ஆட்டக் குழுவுக்குத் தலைவி. மூங்கிலில் கட்டிய துணிக் காளைக்குள் அவள் கணவன் எரிவால்டோ புகுந்து ஆடுவான். பின்னால் நான் முரசு அடிப்பேன். அனுமதி இல்லையென்று இரண்டு முறை போலீஸ் காளையையும் அவனையும் ஒரே வண்டியில் ஏற்றிப்போயிருக்கிறது.

ஒரு வருடம், ஏழைக் குடியிருப்புகளின் கலைக்குழுக்களுக்கு உதவி செய்யப்போவதாக அரசு அறிவித்தது. விண்ணப்பம் பதினெட்டுப் பக்கம். 'பயனாளிகளின் இலக்குப் பரப்பு யாது?' என்ற கேள்வியிலேயே ஜுராந்திரா மூன்று நாள் நின்றாள். எழுத வராதவர்கள் பத்து நிமிடம் பேசி வீடியோ அனுப்பலாம் என்பது கடைசிப் பக்கத்தில் இருந்தது.

முடிதிருத்தும் வால்மிர் கைபேசியைப் பிடித்தான். ஜுராந்திரா வாயைத் திறந்தாலே பயணிகளை அதட்டும் குரல்தான் வந்தது. சரியென்று எரிவால்டோவை நிறுத்தினால், கேமராவைக் கண்டதும் அவன் ஊமையானான். கடைசியில் காளையைத் தலைவழியாக மாட்டிக்கொண்டான். பேச்சு வந்துவிட்டது.

"ஐயா, அம்மா, காளை பேசறேன். இருபத்திரண்டு வருஷமா ஆடறேன், எனக்கொரு கொட்டகை கிடையாது. சமையல்கட்டுல அடுப்புப் பக்கம் படுக்கறேன். மீன் வறுத்தா வாசனை எனக்கு, மீனு அவங்களுக்கு. தலைவி என் கொம்புல துணி காயப்போடறா."

"ஒரே ஒரு தடவைய்யா அது," என்றாள் ஜுராந்திரா, படத்துக்கு வெளியே இருந்து.

"உள்பாவாடை," என்றது காளை.

மிச்ச ஏழு நிமிடமும் புருஷன் பெண்டாட்டி சண்டை. அன்றுதான் கடைசி நாள். வால்மிர் அதையே அனுப்பிவிட்டான். ஒரு வாரம் அவள் எரிவால்டோவோடு பேசவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தேர்வாகிவிட்டதாகக் கடிதம் வந்தது. குழுவினரிடம் நேரில் கருத்துக் கேட்க வேண்டுமாம். காளை இல்லாமல் வரமாட்டேன் என்றான் எரிவால்டோ. ஜுராந்திராவின் பேருந்திலேயே ஏற்றினோம். காளைக்கும் முழு டிக்கெட் கிழித்தாள்.

விண்ணப்பத்தில் என்ன சிரமம் என்று அதிகாரிகள் கேட்டார்கள்.

"பயனாளின்னா யாருங்க?" என்றது காளை. "எங்களைப் பாக்கறவங்களா, எங்களுக்குச் சோறு போடறவங்களா, இல்ல புடிச்சிட்டுப் போறவங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஓர் அம்மா மட்டும் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். அடுத்த வருடம் விண்ணப்பம் நாலு பக்கமானது. எங்களுக்குத் தையல் இயந்திரமும், புது முரசுகளும், தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு வாடகைக் கொட்டகையும் கிடைத்தன. முதல் நாள் ஜுராந்திரா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். தூசி என்றாள், நாங்களும் தூசி என்றே வைத்துக்கொண்டோம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மற்ற மேடுகளிலிருந்து ஆட்கள் தங்கள் விண்ணப்பத்துக்கு வீடியோ எடுக்க எங்கள் கொட்டகைக்கு வருகிறார்கள். போன வாரம் சிப்பி பொறுக்கும் ஒரு பெண், தனக்குப் பாட்டு வரும், பேச்சு வராது என்று தயங்கினாள்.

"அப்போ பாடியே சொல்லு," என்று ஜுராந்திரா கைபேசியை நிமிர்த்திப் பிடித்தாள்.