பஸ்ஸுக்காக நடுவில் நின்ற கதை

கதவைத் தட்டி வாக்குக் கேட்கிற தொழிலில் சம்பளம் இல்லை, லீவு இல்லை, மழை மட்டும் ஒழுங்காக வரும். தமிழ்ப் பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு ரிக்கற் விற்கப் போய், உள்ளே தொலைக்காட்சி அலறிக்கொண்டிருக்க, "வீட்டில ஒருதரும் இல்லை" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது.

நான் வேலைக்குப் போகாத வீட்டுக்காரி. டெனிஸ் நகரமான ஹொல்ஸ்டெப்ரோவுக்கு வெளியே, பன்றிப் பண்ணைகளுக்கும் காற்றாலைகளுக்கும் இடையில் இருக்கிற ஒரு கிராமத்தில் இருபது வருடமாகக் குடியிருக்கிறேன். இவர் காரைத் தொழிற்சாலைக்குக் கொண்டு போய்விடுவார். எனக்கு ஓட்ட வராது. மூன்று தரம் பரீட்சைக்குப் போய், மூன்று தரமும் பரீட்சகருக்குப் புத்தி சொல்லித் தோற்றேன். நகரத்துக்குப் போகிற சின்ன பஸ்தான் என் கால்; சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கும் அதில்தான். அதை நிறுத்தப் போவதாக நகரசபை அறிவித்தது. அது நின்றால், ஒரு கட்டுக் கறிவேப்பிலைக்கும் இவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அறிவிப்பு வந்த கிழமையே பக்கத்து வீட்டு ஐலா உள்ளூர்த் தேர்தலுக்கு ஒரு கட்சி தொடங்கினாள். நான் கதவு தட்டப் புறப்பட்டேன்.

ஏலக்காய் பணிஸும் கொள்கையும்

ஐலா பின்லாந்துக்காரி. டெனிஸ்காரரைக் கட்டி இங்கே வந்து, நேர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அவளுடைய தகப்பனும் பாட்டனும் பின்லாந்து விவசாயிகளின் நடுக்கட்சியில் ஊறினவர்கள். தன் கட்சியும் அதே அச்சில்தான் இருக்கும் என்றாள். ஏலக்காய் போட்ட பணிஸை நீட்டிக்கொண்டே விளங்கப்படுத்தினாள். "அங்கே முதலில் எங்கள் கட்சியின் பெயரிலேயே விவசாயி இருந்தான். பிறகு நகரத்து வாக்குக்காக அவனை எடுத்துவிட்டு நடுவை வைத்தோம். நகரத்தார் இன்னும் உழவு மெசின் கட்சி என்கிறார்கள். ஊரார் 'எங்களை மறந்துவிட்டீர்கள்' என்கிறார்கள்."

"முதலாளி பக்கமா, தொழிலாளி பக்கமா?" என்றேன். நாடு முழுக்க மனிதர் வாழ வேண்டும், தலைநகரத்தில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் தீர்மானிக்கக் கூடாது, சாதாரண ஆள் படித்துத் தானே யோசிக்க வேண்டும் என்றாள். கடவுள்? பின்லாந்தின் வடக்கில் நிறைய, தெற்கில் கொஞ்சம், இரண்டும் ஒரே கட்சிக்குள் என்றாள். நான் படித்த கொன்வென்ட் பள்ளிச் சமயபாடத்தில் ஒரு கேள்விக்கு ஒரு விடைதான். "மழையில் நின்று சொல்லப் போகிறவள் நான். ஒரு வரியில் சொல்லு" என்றேன். கோப்பி முடியும் வரை யோசித்தாள். "ஒரு வரியில் சொல்ல முடிந்தால் அது நடுக்கட்சி இல்லை."

சிவப்பா, நீலமா?

முதல் கதவு ஒரு பன்றிப் பண்ணைக்காரருடையது. விவசாயியின் வாக்கு பைக்குள் இருக்கிற வாக்கு என்று நம்பிப் போனேன். சேற்றுச் சப்பாத்தோடு வாசலில் நின்று, "சிவப்பா, நீலமா?" என்று கேட்டார். இந்த நாட்டில் இடதுசாரிக்குச் சிவப்பு, வலதுசாரிக்கு நீலம். இரண்டும் இல்லை, நாங்கள் விவசாயிகளின் மரபிலே வந்த நடு என்றேன். பஸ்ஸைப் பற்றியும் சொன்னேன். தன் பன்றிகள் பஸ்ஸில் போவதில்லை என்றார்.

நான் விடவில்லை. ஊர் வாழ வேண்டும், சிறிய ஆளின் குரல் கேட்க வேண்டும் என்று ஐலாவின் பாடத்தை முழுக்க ஒப்புவித்தேன். மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இந்த ஊரில் மிஞ்சியிருக்கிற ஒரே விவசாயி நான். நானே சேரவில்லை என்றால், நீங்கள் யாருடைய கட்சி?"

எங்கட ஆள்

சரி, சொந்தச் சனத்திடம் கேட்போம் என்று ஹொல்ஸ்டெப்ரோவில் பரமேஸ் அண்ணை வீட்டுக்குப் போனேன். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர். தேத்தண்ணி வந்தது, வடையும் வந்தது. கட்சியின் பெயரைச் சொன்னதும் சிரிப்புப் போய்விட்டது.

"நடுவிலயோ?"

"ஓம் அண்ணை. அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை. ரெண்டு பக்கத்தோடயும் கதைக்கலாம்."

"எங்கட நாட்டுச் சண்டையில ரெண்டு பக்கத்தோடயும் கதைச்சவையை எனக்குத் தெரியும். ஒருதரும் இப்ப இல்லை." வடைத் தட்டை என் பக்கம் தள்ளினார். "தங்கச்சி, நடுவில நிண்டு ரெண்டு பக்கத்தாலயும் அடி வாங்கினது காணாதெண்டே இஞ்ச வந்தனாங்கள்?"

ஒன்றரை மணித்தியாலம்

எங்கள் கிராமத்தில் ஒரு பழைய பண்ணை வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிற கோயம்புத்தூர்த் தம்பிக்குக் காற்றாலையில் எஞ்சினியர் வேலை. என்னை "ஆண்ட்டி" என்று கூப்பிட்டதை மன்னித்தேன். உள்ளே இருத்தி, மடிக்கணினியைத் திறந்து, "உங்க கட்சியோட ஐடென்டிட்டி என்ன ஆண்ட்டி? கிராமத்துக் கட்சியா, மிடில் கிளாஸ் கட்சியா? ரெண்டும்னா மெசேஜ் குழம்பிடும்" என்று ஆரம்பித்தார். படம் கீறினார், அம்புக்குறி போட்டார். பின்லாந்துக் கட்சியைப் பற்றி என்னைவிட நன்றாக அங்கேயே வாசித்து முடித்தார்.

ஒன்றரை மணித்தியாலம். எனக்கு இடுப்பு விட்டுப்போய்விட்டது. ஆனாலும் ஒரு வாக்கு உறுதி என்ற சந்தோசத்தில் எழும்பினேன். வாசல் வரை வந்து வழியனுப்பினார். "ஆல் த பெஸ்ட் ஆண்ட்டி. எனக்குதான் ஓட்டு கிடையாது. நாலு வருஷம் ஆகணுமாம், நான் வந்து ரெண்டுதான் ஆகுது."

மகள்

கோப்பன்ஹேகனில் படிக்கிற மகளுக்குப் போன் எடுத்து ஆறுதல் தேடினேன். என் பிழைதான். நான் தமிழில் கேட்க, அவள் டெனிஸில் சிரித்தாள். பிறகு, அம்மாவுக்கு வடிவாக விளங்க வேண்டும் என்று தமிழுக்கு மாறினாள். "அம்மா, நீங்க வாங்கிற புதினாக்கண்டு ஒரு கிழமை உயிரோட இருக்கிறேல்ல. உங்களை ஆர் விவசாயக் கட்சியில சேர்த்தது?"

கையை உயர்த்துங்கள்

அடுத்த கிராமத்து மண்டபத்தில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், எல்லாக் கட்சிக்கும் பொதுவான கூட்டம். அறுபது பேர் இருக்கும். பெரும்பாலும் எங்கள் கட்சிக்காரர். "பஸ் எங்கள் உரிமை" என்று எழுதிய மட்டையை முன்வரிசை முழுக்கத் தூக்கிப் பிடித்தது. ஐலா மேடையில் நாடு முழுக்க வாழ வேண்டும் என்று பேசினாள். நல்ல கைதட்டல். அடுத்து எழும்பின நீலக் கட்சிக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இன்றைக்கு இங்கே பஸ்ஸில் வந்தவர்கள் தயவுசெய்து கையை உயர்த்துங்கள்."

நான் உயர்த்தினேன். உயர்த்திய கையோடு திரும்பிப் பார்த்தேன். மண்டபம் முழுக்கத் தலைகள்தான், வேறு ஒரு கையும் இல்லை. வெளியே கார் விட இடமில்லாமல் வயலுக்குள்ளும் விட்டிருந்தார்கள். "அப்படியென்றால் அது பஸ் இல்லை, உங்களுடைய டாக்சி" என்றார் அந்த மனிதர், மரியாதையாகத்தான். எனக்கு அவரில் கோபமில்லை. கூட்டம் முடிய ஐலாவைப் பிடித்தேன். "நீயுமா காரில் வந்தாய்?" அவள் கண்ணை இமைக்கவில்லை. "பஸ் இருக்க வேண்டும் என்பது கொள்கை. அதில் ஏற வேண்டும் என்று கொள்கையில் இல்லை."

செவ்வாய்க்கிழமை பத்துமணி பஸ்

அதற்குப் பிறகு நான் ஒருவரிடமும் வாக்குக் கேட்கவில்லை. அதே கதவுகளையும் மட்டை தூக்கியவர்களின் கதவுகளையும் தட்டி, "வருகிற செவ்வாய் பத்துமணி பஸ்ஸில் ஏறுங்கள். ஏறாவிட்டால் அந்த மட்டையைத் திருப்பித் தாருங்கள்" என்றேன். கொன்வென்ட் சிஸ்டர்மாரின் குரலில் சொன்னேன். இருபது வருடத்தில் இந்த ஊரார் அந்தக் குரலைக் கேட்டதில்லை. உள்ளூர்ப் பத்திரிகைக்கும் சொல்லி, படம் எடுக்க ஒரு ஆளை வரவழைத்தேன்.

வந்தார்கள்! தள்ளுவண்டியோடு, நாயோடு, ஊன்றுகோலோடு. பரமேஸ் அண்ணை நகரத்திலிருந்து முந்தின பஸ்ஸில் இங்கே வந்து, பத்துமணி பஸ்ஸில் திரும்பிப் போக நின்றார். "கட்சிக்கில்லை, உனக்காக" என்றார். வரிசையை நான்தான் ஒழுங்குபடுத்தினேன். முதியவர்கள் முதலில், பிறகு பிள்ளைத்தாய்ச்சிகள், பிறகு மற்றவர்கள். ஒழுங்குபடுத்துகிறவள் கடைசியில்தானே ஏற வேண்டும்? ஏறப் போனேன். அறுபது பேரில் என் கையைத் தவிர ஒரு கையும் உயராத பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. சாரதிப் பெண் மெய்யாகவே வருத்தப்பட்டாள். "மன்னிக்க வேண்டும், சட்டப்படி இதற்கு மேல் ஏற்ற முடியாது. ஒரு மணி பஸ்ஸில் வாருங்கள், அதில் எப்போதும் நிறைய இடம் இருக்கும்."

ஒரு கதிரை

நிரம்பின பஸ்ஸின் படம் பத்திரிகையில் வந்தது. தேர்தலில் எங்களுக்கு நகரசபையில் கிடைத்தது ஒரே ஒரு கதிரை. சிவப்புக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை, நீலத்துக்கும் இல்லை. அந்த ஒற்றைக் கதிரையில் இருந்த ஐலாவை இரண்டு பக்கமும் கூப்பிட்டுக் கோப்பி கொடுத்தது. பஸ்ஸை முழுக்க வைத்திருக்க நீலம் ஒப்பவில்லை, முழுக்க நிறுத்தச் சிவப்பு விடவில்லை. ஐலா மூன்று நாள் பேசிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"நாலு வருடத்துக்கு பஸ் ஓடும். திங்கள் முதல் வெள்ளி வரை."

"சனிக்கிழமை?"

"சனிக்கிழமையைக் கொடுத்துத்தான் மற்ற ஐந்தையும் வாங்கினேன்."

நான் கத்தினேன். எந்த மொழியில் என்று நினைவில்லை. பிறகு, அவளுடைய தகப்பன்மார் இரண்டு தலைமுறையாகச் சொல்லியிருக்கக்கூடிய குரலில் சொன்னாள்: "உனக்கும் கோபம், அந்த இரண்டு பக்கத்துக்கும் கோபம். அப்படியென்றால் சரியாகத்தான் செய்திருக்கிறேன்."

வலதுக்காரரும் இடதுக்காரரும் முழுசாகக் கேட்டுத் தோற்றுப்போய் நிம்மதியாக இருக்கிறார்கள், நடுக்காரராகிய நாங்கள்தான் வென்றுவிட்டு சனிக்கிழமைகளில் வீட்டுக்குள் குறுக்கும் மறுக்கும் நடக்கிறோம்.