மாப்பிள்ளை திருத்திய ஒரு வரி

கிளிஞ்சல்மேட்டில் படகுகளுக்கு ஐஸ் விற்கிறேன். படிப்பு ஐந்தாவதோடு சரி. யாருக்கு முதலில் என்ற சண்டை வராமல் வரிசைச் சீட்டு அடிக்க, என் சின்ன மகளும் மூத்த மாப்பிள்ளையும் ஒரு நிரல் எழுதினார்கள். அவளுடையதும் கடையில் இருப்பதும் லினக்ஸ் கணினி, அவருடையது விண்டோஸ். இருவர் திருத்தமும் கிட் (Git) என்ற மென்பொருள் வழியாக ஒன்றுசேர்ந்து கடைக் கணினிக்கு வரும்.

ஒரு நாள் விடியலில் மாப்பிள்ளையின் திருத்தம் வந்ததும் சீட்டு அடிப்பது நின்றது.

"அத்தான் ஒரு வரிதாம்ப்பா மாத்துனாங்க. எல்லா வரியும் மாறிட்டதா காட்டுது. கேளுங்கப்பா" என்றாள் மகள்.

மாப்பிள்ளையைப் போய்க் கேட்பதா என்று கூச்சத்தில் போனை எடுக்கவே இல்லை. வரிசையில் தள்ளுமுள்ளு ஆனது. "ஐஸ் தருவியா, தண்ணியா தருவியா?" என்று ஏசிவிட்டுப் படகுக்காரர்கள் வேறு கடைக்குப் போனார்கள்.

கடைசியில் மகளே அவருக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஓ, அதுவா? விண்டோஸ்ல ஒவ்வொரு வரி முடிவுலயும் கண்ணுக்குத் தெரியாத குறி ஒண்ணு கூடுதலா ஒட்டிக்கும். லினக்ஸ் அதை ஏத்துக்காது. எனக்குத் தெரியும், யாரும் கேக்கலையே!" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அருவருப்பாக இருந்தது. என் கூச்சம் அதைவிட அருவருப்பு.

வரி முடிவை எப்போதும் ஒரே மாதிரி வைக்கச் சொல்லும் சின்னக் கோப்பு ஒன்றை மகள் நிரலோடு சேர்த்தாள். இப்போது திருத்தம் எது வந்தாலும் முதல்நாள் மாலையே சீட்டு அடித்துப் பார்க்கிறேன். சீட்டு வராவிட்டால் நானே போனை எடுத்து, "மாப்பிள்ளை, என்ன மாத்துனீங்க, சொல்லுங்க" என்கிறேன். குரல் நடுங்கத்தான் செய்கிறது. நடுங்கட்டும்.