இரண்டு விசிலுக்கு உட்கார்ந்த மலை

துர்காவால் உட்கார முடியாது. நோய் ஒன்றுமில்லை, மருத்துவரிடம் காட்டியாயிற்று. கல்யாணத்தன்று மணையில் உட்கார வைத்தார்கள். வாசலில் கட்டிய வாழைமரம் சாய்கிற மாதிரி தெரிந்ததும் புரோகிதரைப் பாதி மந்திரத்தில் விட்டுவிட்டு எழுந்து போய், மரத்தை நிமிர்த்திக் கட்டிவிட்டு வந்தாள். "அன்னிக்கே எனக்குப் புரிஞ்சிருக்கணும்" என்று அவள் கணவன் பிரேம்குமார் இப்போதும் சொல்வான். அவன் தினமும் காலை மின்சார ரயிலில் அம்பத்தூருக்கு வேலைக்குப் போகிறவன். திருத்தணியில் ஏறியதும் உட்கார இடம் பிடிப்பதைத் தன் வாழ்க்கையின் முக்கியமான திறமையாக நினைப்பவன். ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தாலும் எழுந்து போய் வாசலில் நிற்கும் பெண்ணோடு எப்படிக் குடும்பம் நடத்துகிறோம் என்பது அவனுக்கே விளங்கவில்லை.

இப்படிப்பட்டவளுக்குப் பிழைப்பு, பிள்ளைகளை அசையாமல் நிற்கவைப்பது. திருத்தணியில் ஒரு பள்ளியில் அவள் உடற்கல்வி ஆசிரியை.

கனகம்மாசத்திரத்துப் பக்கம் அவள் அப்பா துளசிங்கத்துக்கு நிலம் இருந்தது. நெடுஞ்சாலை ஓரத்து வேர்க்கடலைக் கொல்லை. சின்ன வயதில் வரப்பில் ஓடி, சாலையில் போகிற திருப்பதி பஸ்ஸோடு போட்டி போடுவாள். பஸ் ஒருநாளும் தோற்றதில்லை, அவளும் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. உடற்கல்விக் கல்லூரியில் சேரப்போவதாகச் சொன்னபோது துளசிங்கம் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். "டீச்சருக்குப் படிம்மான்னா ஓடறதுக்குப் படிக்கிறேன்ற. ஓடறதுக்கு இன்னாத்துக்கு நைனா படிப்பு? ஓட்னா போதாதா?" என்றார். மகளை நைனா என்று அழைத்தால் அவர் கோபமாக இல்லை என்று அர்த்தம். அவள் சேர்ந்தாள்.

கழுத்தில் சிவப்புக் கயிற்றில் ஓர் எஃகு விசில். தாலியைக்கூடக் குளிக்கும்போது ஓரமாகத் தள்ளிக்கொள்வாள், விசில் மட்டும் நனையாமல் குளியலறைக் கதவுக்கு வெளியே ஆணியில் கை எட்டும் தூரத்தில் தொங்கும். ஒரு விசில் என்றால் நின்ற இடத்தில் நில். இரண்டு என்றால் உட்கார். நீளமாக ஒன்று என்றால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்து வரிசையில் நில். பிள்ளைகள் இதில் தேறியிருந்தார்கள். வீட்டில் குக்கர் இரண்டு விசில் அடித்ததும் தன்னையறியாமல் கீழே குந்திவிட்டதாக ஒன்பதாம் வகுப்பு மோனிஷா சொன்னபோது, துர்கா அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டாள். அப்போதே கவலைப்பட்டிருக்கலாம்.

பள்ளியில் அவள் கொண்டுவந்த இன்னொரு வழக்கம் மரியாதை. யாரும் யாரையும் எருமை என்று கூப்பிடக்கூடாது. இது பிள்ளைகளைவிட ஆசிரியர்களுக்குத்தான் கஷ்டமாக இருந்தது. பெரியவர் யாராக இருந்தாலும், பெருக்கும் அம்மாவாக இருந்தாலும், வணக்கம் சொல்ல வேண்டும். விளைவாக, கணக்கு ஆசிரியர் கஜபதி வராந்தாவின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போவதற்குள் இரண்டு கையையும் அத்தனை முறை கூப்ப வேண்டி வந்தது. சாக்பீஸ் டப்பா இரண்டு தடவை கீழே விழுந்தது. "மேடம், மரியாதையைக் கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்லுங்க, நான் கிளாஸுக்குப் போவணும்" என்றார்.

அந்தக் கஜபதிதான் பத்தாம் வகுப்பின் விளையாட்டுப் பீரியட்களை ஏற்கெனவே கணக்குக்கு வாங்கிக்கொண்டவர். தமிழ்நாட்டில் விளையாட்டுப் பீரியட் என்பது கணக்கு வாத்தியார் வரும்வரை காலியாக இருக்கும் நாற்காலி. இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பின் பக்கம் பேச்சு வந்தது. வாரத்துக்கு மிச்சமிருந்தது இரண்டே பீரியட். தலைமையாசிரியர் சந்திரமோகன் நல்லவர். எதையும் முகத்துக்கு நேரே மறுக்க மாட்டார், அதனால் அவரிடம் எதுவும் சீக்கிரம் முடியாது.

"கணக்கு நடத்தினா ரிசல்ட் தெரியுது. ஓடினா இன்னா ரிசல்ட்டும்மா தெரியுது?" என்று கேட்டார்.

"ஆடிக் கிருத்திகைக்கு மலைக்கு வந்து பாருங்க சார்" என்றாள் துர்கா. வருடாவருடம் பிள்ளைகளைப் படிக்கட்டுச் சேவைக்கு அழைத்துப்போகிறவள் அவள்.

"சரி, பார்க்கிறேன். நல்லா இருந்தா ரெண்டும் உங்களுது. இல்லன்னா..." மீதியை அவர் சொல்லவில்லை. ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்தார். மைதானத்தில் அப்போதே மூங்கில் நட்டுக்கொண்டிருந்தார்கள். கிருத்திகைக்கு அது வண்டிகள் நிறுத்தும் இடம்.

துர்கா அதற்கப்புறம் தூங்கினாளா என்று பிரேம்குமாருக்குத் தெரியாது. படுக்கையில் கால் ஆடிக்கொண்டே இருந்ததாகச் சொன்னான்.

கிருத்திகையன்று காலையிலேயே வெயில் கல்லில் ஏறிவிட்டது. மஞ்சள் வேட்டியும் மஞ்சள் புடவையுமாகக் கூட்டம். பூக்காவடிகள் அசைந்து அசைந்து மேலே போய்க்கொண்டிருந்தன. நகரி, புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்களும் ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர்களும் ஒரே அரோகராவை இரண்டு உச்சரிப்பில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கட்டின் ஓரமாக வரிசையாக நின்றார்கள். பாதி பேர் குடிக்கத் தண்ணீர் கொடுக்க வேண்டும், பாதி பேர் வெறுங்காலோடு ஏறுகிறவர்களுக்காகப் படியில் தண்ணீர் ஊற்ற வேண்டும். துர்கா மேலேயும் கீழேயும் ஓடிக்கொண்டிருந்தாள். ஏதாவது ஒரு ஜக்கு சாய்ந்திருந்தால் விசில். ஏதாவது ஒரு சட்டை வெளியே வந்திருந்தால் விசில்.

அவள் யோசிக்காமல் விட்டது ஒன்றுதான். படிக்கட்டின் அடியில் ஒருவர் கழியில் பலூன், காற்றாடி, பிளாஸ்டிக் விசில் எல்லாம் குத்திவைத்து விற்றுக்கொண்டிருந்தார். திருவிழாவில் விசில் விற்பார்கள் என்பது திருத்தணியில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். துர்காவுக்கும் தெரியும். ஆனால் விசில் என்றால் தன்னுடையது மட்டும்தான் என்று அத்தனை வருடம் நம்பியிருந்தாள்.

மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஒரு குழந்தை, அப்பா தோளில் உட்கார்ந்தபடி இரண்டு முறை ஊதியது.

படிக்கட்டு ஓரத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே மாதிரி உட்கார்ந்தார்கள். முதுகு நேராக, கை முழங்காலில். அதைப் பார்த்த ஜனங்களும் நின்றார்கள். ஒரு பாட்டியம்மா ஏதோ ஏற்பாடு என்று நினைத்து உட்கார்ந்தார். அவர் பின்னால் வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். காவடிக்காரர்கள் காவடியை மெதுவாக இறக்கினார்கள். கண்ணுக்கெட்டிய மட்டும் படிக்கட்டு உட்கார்ந்துவிட்டது.

"இன்னாத்துக்குக் குந்திகினு இருக்கோம்?" என்று ஒருவர் கேட்டார்.

"தெர்லயே. பசங்க குந்துச்சுங்க, நாமளும் குந்தினோம்."

"மேல ஏதோ தீபாராதனையா இருக்கும்."

"ஆங், அதான்."

சரியாக அந்த நேரத்தில்தான் தலைமையாசிரியர் சந்திரமோகன் நெற்றியில் விபூதியோடு மேலிருந்து இறங்கி வந்தார். மலையே அமைதியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அவருடைய பள்ளிப் பிள்ளைகள் ஆடாமல் அசையாமல் இருப்பதைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. துர்காவைப் பார்த்துக் கை கூப்பினார். துர்காவும் வேறு வழியில்லாமல் கூப்பினாள். அவர் அந்த மனநிறைவோடு பக்கவாட்டுப் பாதை வழியாக இறங்கிப் போய்விட்டார். இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் கதை வேறு மாதிரி ஆகியிருக்கும்.

ஏனென்றால் அடுத்து, கீழே ஒரு வேனை நகர்த்துவதற்காகப் போலீஸ்காரர் நீளமாக ஊதினார். பிள்ளைகள் ஜக்கு, சொம்பு, வாளி எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கீழே ஓடினார்கள். அந்த வேனுக்கு முன்னால் போய் வரிசையாக நின்றார்கள். போலீஸ்காரர் இப்போது வேனையும் பிள்ளைகளையும் சேர்த்து நகர்த்த வேண்டியிருந்தது. மேலே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து ஏறத் தொடங்கினார்கள், தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் கல் காய்ந்தது. வெறுங்கால்கள் துள்ளின. நெரிசல் கூடியது. துர்கா திரும்பக் கூப்பிட ஊதினாள். பலூன்காரரைச் சுற்றி நின்ற குழந்தைகள் பதிலுக்கு ஊதினார்கள். பிள்ளைகள் நின்றார்கள், உட்கார்ந்தார்கள், எழுந்தார்கள், மறுபடி உட்கார்ந்தார்கள்.

மூச்சிரைக்க மோனிஷா வந்தாள். "மிஸ், எது உங்க விசில்னு தெர்ல மிஸ். எல்லாம் ஒண்ணாத்தான் கேக்குது."

துர்கா ஊதுவதற்காக வாயில் வைத்த விசிலை எடுத்தாள். கயிற்றைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டாள்.

"இனிமே விசில் இல்ல."

"அப்போ இன்னா பண்றது மிஸ்?"

துர்கா கைப்பையை மூடினாள். "பாத்து பண்ணுங்க" என்றாள். இத்தனை வருட வேலையில் அவள் பிள்ளைகளிடம் அந்த வார்த்தையைச் சொன்னது அதுவே முதல் தடவை.

மோனிஷா நம்பாமல் பார்த்துவிட்டு, மற்றவர்களிடம் சொல்ல ஓடினாள். பிள்ளைகள் அங்கங்கே போய் நின்றார்கள். வரிசை இல்லை. ஒரே படியில் மூன்று பேர், அடுத்த படியில் ஒருவரும் இல்லை. துர்காவுக்கு உடம்பெல்லாம் அரித்தது. கை கழுத்துக்குப் போய்ப் போய் வெறுமனே திரும்பியது.

படி திரும்புகிற இடத்தில் காவடி எடுத்த ஒரு பெரியவர் தள்ளாடினார். நகரிப் பக்கத்து ஆள், வாய் தெலுங்கில் ஏதோ முனகியது. மேலிருந்து இறங்குகிறவர்களும் கீழிருந்து ஏறுகிறவர்களும் அந்தத் திருப்பத்தில்தான் முட்டிக்கொண்டார்கள். அவர் முழங்கால் மடங்கியது. துர்கா கீழே இருந்தாள், நடுவில் கூட்டம். கத்தினாள், அரோகராவில் அது கரைந்துபோனது.

அப்போது பிள்ளைகள் கைகோத்தார்கள்.

சங்கிலி ஓட்டம் என்று ஒரு விளையாட்டு உண்டு. தொடப்பட்டவர்கள் கைகோத்துக்கொண்டே மற்றவர்களைத் துரத்த வேண்டும், கை விட்டால் ஆட்டம் போச்சு. பீரியட்டின் கடைசியில், பயிற்சியெல்லாம் முடிந்த பிறகு, போனால் போகிறதென்று துர்கா விடும் விளையாட்டு அது. வீண் கூச்சல் என்பது அவள் எண்ணம். அந்தச் சங்கிலி இப்போது பெரியவரைச் சுற்றி வளைந்தது. "ஜருகண்டி, ஜருகண்டி" என்று மோனிஷா கத்தினாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள் அவள். கூட்டம் சங்கிலிக்கு வெளியே ஒதுங்கியது. உள்ளே ஒருவன் காவடியைத் தாங்கினான், ஒருத்தி முகத்தில் தண்ணீர் தெளித்தாள். சங்கிலி ஓரிடத்தில் அறுந்தது, "கை விடாத, அவுட் ஆவே" என்று யாரோ திட்டினார்கள், மறுபடி கோத்துக்கொண்டது.

துர்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது பெரியவர் ஓரத்துப் படியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். அவளுக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. அது அவளுக்குப் பிடித்ததா பிடிக்கவில்லையா என்று அவளுக்கே தெரியவில்லை.

கிருத்திகை விடுமுறை முடிந்த முதல் நாள் தலைமையாசிரியர் அறைக்கு அழைத்தார். கஜபதியும் அங்கே இருந்தார்.

"குந்துங்கம்மா, நல்ல விஷயம்."

துர்கா நாற்காலியின் நுனியில் தொற்றிக்கொண்டாள்.

"ரெண்டு விசில்ல மலையே குந்திடுச்சும்மா. அம்மாடி, அதான் ஒழுக்கம். கஜபதி சார், நீங்க பார்த்திருக்கணும். ஒன்பதாவது பீரியட் ரெண்டும் மேடத்துக்குத்தான். ஆகஸ்ட் பதினஞ்சுக்குக் கொடியேத்த வர்றவர் முன்னாடி அதையே செஞ்சு காட்டணும். ரெண்டு விசில், மொத்த ஸ்கூலும் குந்தணும்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் பீரியட் கையில் இருக்கிறது. துர்காவின் வலது கால் தானாக ஆட ஆரம்பித்தது.

"அந்த விசில் நான் ஊதினது இல்லீங்க சார்" என்றாள்.

சொல்லி முடித்தாள், குழந்தை, போலீஸ்காரர், வேன், எல்லாம். சங்கிலியையும் சொன்னாள். கஜபதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்போ பதினஞ்சாம் தேதிக்குப் பலூன்காரரைத்தான் கூப்பிடணும் சார்."

சந்திரமோகன் சிரிக்கவில்லை. "இதை யாருமே கேக்கலியேம்மா. ஏன் சொன்னீங்க?"

"அதையே மறுபடி செய்யச் சொன்னா, பசங்களுக்கு நெசம் தெரியும் இல்லீங்களா சார். அப்புறம் நான் அவங்ககிட்ட எப்படி மரியாதை பண்ணுங்கன்னு சொல்றது?"

அவர் மேசையில் இருந்த ஸ்கேலை நேராக்கினார். "நான் பார்த்தது பொய்ன்றீங்க. பார்க்காதது நெசம்ன்றீங்க. நான் இன்னாம்மா பண்றது?" என்றார். கடைசியில் அவருடைய வழக்கப்படி நடுவில் வந்து நின்றார். "ஒண்ணு உங்களுக்கு. ஒண்ணு கஜபதி சாருக்கு. பதினஞ்சுக்குச் சாதாரணமா நின்னா போதும்."

வெளியே வந்ததும் கஜபதி பக்கத்தில் வந்தார். "வாயை மூடிகினு இருந்திருந்தா ரெண்டும் கெடைச்சிருக்கும் மேடம்."

"ஆங். தெரியும் சார்."

"கணக்கு வராத ஆளுதான் நீங்க." அவர் குரலில் கிண்டலோடு வேறெதுவோ இருந்தது. எதிரில் ஒரு பிள்ளை வணக்கம் சொன்னது. அவர் டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு கை கூப்பினார்.

மிஞ்சிய அந்த ஒரு பீரியட் வெள்ளிக்கிழமை மதியம் வந்தது. வண்டிகள் நின்று, மழையும் பெய்து, மைதானம் சக்கரத் தடமாகக் கிடந்தது. பாதி நேரம் மண்வெட்டியால் குழிகளை நிரவுவதிலேயே போயிற்று. மீதி நேரத்துக்குச் சங்கிலி ஓட்டம் விட்டாள், இந்த முறை போனால் போகிறதென்று இல்லை. விசில் மேசை இழுப்பறையில் இருந்தது. ஆட்டம் தாறுமாறாகப் போனது. யார் முதலில் கை விட்டது என்று சண்டை வந்தது. துர்கா ஓரத்தில் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தாள்.

"மிஸ், நீங்க நடக்குறதைப் பாத்தா எங்களுக்குத் தலை சுத்துது மிஸ். குந்துங்க" என்றாள் மோனிஷா.

கொடிக்கம்ப மேடையில் துர்கா உட்கார்ந்தாள். சண்டை பெரிதானது. எழுந்துவிட்டாள்.

மோனிஷா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நாங்க பாத்துக்குறோம் மிஸ்."

துர்கா மறுபடி உட்கார்ந்தாள். கால் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.